பருமனான பிள்ளைகளுக்கு எந்த பிபி மெஷின்? கஃப்பைப் பார்த்து வாங்குங்கள்

உடல் பருமன் உள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வரச் சொன்னால், கடையில் பெரும்பாலோர் கவனிப்பது திரை பெரிதாக இருக்கிறதா, போனோடு இணையுமா என்பதைத்தான். கவனிக்க வேண்டிய வரி பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும். கூடவே வரும் கஃப், அதாவது கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப் பட்டை, எத்தனை சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்குப் பொருந்தும் என்று சொல்லும் வரி அது. இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் அளவு தப்பிப்போவதற்கு மெஷினைவிட கஃப்தான் அதிகக் காரணம். விலையுயர்ந்த மெஷினில் சிறிய கஃப்பை மாட்டினால், இல்லாத ரத்தக் கொதிப்பை அது காட்டும். பிள்ளை தேவையில்லாமல் பரிசோதனைகளுக்கு அலையும். கைக்கு மிகப் பெரிய கஃப் இருக்கிற கொதிப்பைக் குறைத்துக் காட்டும். அது இன்னும் மோசம்.

இங்கே ஐந்து வகைக் கருவிகளை எடைபோட்டிருக்கிறோம்: மேல்கையில் கட்டும் தானியங்கி மெஷின், மணிக்கட்டு மெஷின், டயல் வைத்த கைப்பம்ப் கருவி, கைக்கடிகாரம், 24 மணி நேரமும் உடலில் மாட்டியிருக்கும் ஆம்புலேட்டரி மானிட்டர். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டுக்கு ஏற்றது மேல்கை தானியங்கி மட்டுமே. அதுவும் பிள்ளைகளிடம் சோதித்துத் தேறியதாகவும், சரியான அளவு கஃப் தனியாகக் கிடைப்பதாகவும் இருக்க வேண்டும். கொதிப்பு உண்டா இல்லையா என்று உறுதிசெய்ய 24 மணி நேர மானிட்டர். மணிக்கட்டு மெஷினும் கடிகாரமும் இந்த வேலைக்கு வேண்டாம்.

முதலில் டேப், பிறகு மெஷின்

கடைக்குப் போவதற்கு முன் பிள்ளையின் வலது கையை அளந்துகொள்ளுங்கள். சட்டைக் கையை மேலே சுருட்டாமல் கழற்றிவிடுவது நல்லது, சுருட்டிய துணி கையை இறுக்கும். முழங்கையை மடக்கச் சொல்லி, தோளின் உச்சியில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனையிலிருந்து முழங்கை முனை வரை டேப்பை வைத்து, நடுப்புள்ளியில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பிறகு கையைத் தளரத் தொங்கவிடச் சொல்லி, அந்தக் கோட்டின் மேல் டேப்பைச் சுற்றுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், சதையை அமுக்கக் கூடாது. கிடைக்கும் எண்தான் நீங்கள் கடைக்குக் கொண்டுபோக வேண்டியது. பிள்ளையின் வயது அங்கே உதவாது.

கஃப்பின் துணிக்குள் காற்று நிறையும் ஒரு பை இருக்கிறது. கணக்கு அந்தப் பைக்குத்தான். பையின் அகலம் கைச் சுற்றளவில் குறைந்தது 40 சதவீதம், நீளம் 80 முதல் 100 சதவீதம் இருக்க வேண்டும். கை 30 செ.மீ. என்றால் பை குறைந்தது 12 செ.மீ. அகலமும் 24 முதல் 30 செ.மீ. நீளமும் கொண்டதாக இருக்க வேண்டும். துணி எவ்வளவு நீளமாக இருந்து நன்றாக ஒட்டிக்கொண்டாலும், உள்ளே பை குட்டையாக இருந்தால் பயனில்லை. விரலால் தடவினாலே பை எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும்.

‘குழந்தை’, ‘பெரியவர்’ என்ற பெயர்களை நம்பி வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஓம்ரான், மைக்ரோலைஃப் போன்ற நிறுவனங்களின் வீட்டு மெஷின்களில் சிறிய கஃப் 17 முதல் 22 செ.மீ., நடுத்தரம் 22 முதல் 32, பெரியது 32 முதல் 42 என்று வகுத்திருப்பதைப் பார்க்கலாம். பருமனான 10 வயதுப் பிள்ளையின் கை எளிதாக 28 செ.மீ. வரும். அந்தப் பிள்ளைக்கு ‘குழந்தை கஃப்’ தவறு, பெரியவர்களுக்கான நடுத்தர கஃப்தான் சரி. பருமன் அதிகமான 14, 15 வயதுப் பிள்ளைக்குப் பெரிய கஃப்பும் போதாமல், மருத்துவமனையில் தொடைக்கென்று வைத்திருக்கும் கஃப்பைக் கையில் கட்ட வேண்டி வரும். அது முறையான வழிதான். அதைப் பார்த்து யாரும் சங்கடப்படவோ பிள்ளையைச் சங்கடப்படுத்தவோ வேண்டியதில்லை.

சிறிய கஃப் ஏன் கூட்டிக் காட்டுகிறது? குறுகிய பையின் அழுத்தம் தடித்த கையின் ஆழத்தில் உள்ள ரத்தக்குழாய் வரை முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. குழாயை நசுக்க மெஷின் இன்னும் காற்றடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதல் காற்றழுத்தம் பிள்ளையின் ரத்த அழுத்தமாகத் திரையில் வந்து நிற்கிறது. 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மிகப் பெரிய கஃப் தேவைப்பட்ட பெரியவர்களுக்குச் சாதாரண கஃப் போட்டுப் பார்த்தபோது மேல் அளவு, அதாவது இரண்டு எண்களில் முதலாவது, சராசரியாக 19.5 மி.மீ. கூடிக் காட்டியது (மி.மீ. என்று இங்கே சொல்வதெல்லாம் பாதரச மில்லிமீட்டர்). அவர்கள் பெரியவர்கள் என்றாலும் பிழை எந்தத் திசையில் போகும் என்பது பிள்ளைகளுக்கும் மாறாது. இரண்டு அளவுகளின் எல்லையில் கை இருந்தால் பெரிய கஃப்பை எடுங்கள். சற்றே பெரிய கஃப்பால் வரும் பிழை, சிறியதால் வருவதைவிடக் குறைவு.

கூம்பு வடிவக் கை

பருமனான பிள்ளைகளின் மேல்கை பலருக்கு உருளையாக இருக்காது. அக்குள் பக்கம் தடித்து முழங்கைப் பக்கம் குறுகும். நேராக வெட்டிய கஃப்பை அதில் கட்டினால் மேலே இறுக்கமும் கீழே இடைவெளியும் வரும். காற்று ஏறும்போது கஃப்பின் கீழ்ப்பாதி வெளியே பிதுங்கும், சில நேரம் மொத்தமாக முழங்கையை நோக்கி நழுவும். மெஷின் பிழைக் குறி காட்டிவிட்டால் நல்லது. காட்டாமல் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால்தான் சிக்கல்.

கட்டியதும் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் விரலை நுழைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி ஒன்றிரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். கீழே நான்கு விரல் போகிறதென்றால் அவிழ்த்து, கையின் சரிவை ஒட்டிச் சற்றுச் சாய்வாகச் சுற்றுங்கள். ஒட்டும் பட்டையின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக அமையாவிட்டாலும் பரவாயில்லை. கஃப்பில் அச்சிட்ட அளவுக் கோட்டுக்குள் முனை வந்து விழுகிறதா என்பதே முக்கியம். கூம்பு வடிவில் வெட்டிய கஃப்பை உங்கள் மெஷினின் நிறுவனமே தருகிறதென்றால் அதைத் தேர்ந்தெடுங்கள். நழுவும் கஃப்பைக் கையால் பிடித்துக்கொண்டு அளப்பது மட்டும் கூடாது, உங்கள் விரலின் அழுத்தமும் அதிர்வும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இன்னொரு தொல்லை, கை தடித்து ஆனால் குட்டையாக இருப்பது. சுற்றளவுக்கு ஏற்ற கஃப்பைக் கட்டினால் அது முழங்கை மடிப்பை மூடிவிடும். கஃப்பின் கீழ் விளிம்பு மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு வீட்டு அளவீட்டை நம்பிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடமே அளக்கச் சொல்லுங்கள். முன்கையில் கட்டிப் பார்த்து ஒப்பேற்ற வேண்டாம்.

22 முதல் 42 செ.மீ. வரை எல்லாக் கைக்கும் என்று விற்கும் ஒற்றை கஃப் பற்றி: வசதியானது, பிள்ளை வளர வளர மாற்ற வேண்டியதில்லை. அந்தக் குறிப்பிட்ட மெஷினோடு அந்தக் குறிப்பிட்ட கஃப்பையும் சேர்த்துச் சோதித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். கை 23 செ.மீ. போல அடிவிளிம்பில் இருந்தால் தனி அளவு கஃப்பையே நாங்கள் விரும்புகிறோம். வேறு நிறுவனத்தின் கஃப் விலை குறைவாகக் கிடைக்கிறது, குழாயின் முனையும் பொருந்துகிறது என்று வாங்கி மாட்டாதீர்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

மேல்கை தானியங்கி: வாங்கலாம், சில நிபந்தனைகளோடு

இந்த மெஷின் ஸ்டெதாஸ்கோப் போல ஒலியைக் கேட்பதில்லை. காற்று இறங்கும்போது ரத்தக்குழாயின் துடிப்பு கஃப்பில் உண்டாக்கும் மெல்லிய அதிர்வை உணர்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் அழுத்தத்தைச் சராசரி என்று எடுத்துக்கொண்டு, மேல் அளவையும் கீழ் அளவையும் தன் நிறுவனத்தின் சூத்திரத்தால் கணக்கிடுகிறது. அந்தச் சூத்திரத்தை நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. கஃப்பின் பொருளும் பையின் வடிவமும் மாறினால் அதிர்வும் மாறும். அதனால்தான் அந்நிய கஃப் கூடாது என்கிறோம். பெரியவர்களின் குழாய்களை வைத்து உருவாக்கிய சூத்திரம் 7 வயதுப் பிள்ளைக்குச் சரியாக வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஆகவே சோதனைச் சான்று முக்கியம். ஐ.எஸ்.ஓ. 81060-2 என்ற சர்வதேசத் தரநிலை, 3 முதல் 12 வயது வரையான பிள்ளைகளைத் தனிப்பிரிவாக வைத்து அவர்களிடம் தனியாகச் சோதிக்கச் சொல்கிறது. தேறிய மெஷின்களின் பட்டியலை ஸ்ட்ரைட் பிபி என்ற அமைப்பு இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் பிள்ளைகளுக்கென்று தனிப்பட்டியல் உண்டு. மாடல் எண்ணை முழுதாக ஒப்பிடுங்கள். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் எழுத்து மாறினால்கூட அது வேறு மாடலாக இருக்கலாம். விற்பனைக்கு அனுமதி பெற்றிருக்கிறது என்பதும் துல்லியம் சோதிக்கப்பட்டிருக்கிறது என்பதும் வெவ்வேறு. பெட்டியில் ‘மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது’ என்று போட்டிருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். 12 வயது தாண்டிய பிள்ளைக்குப் பெரியவர்களிடம் தேறிய மெஷின் போதும், கஃப் பொருந்தினால்.

வசதிகளில் எதற்குக் காசு கொடுக்கலாம்? ஒரு நிமிட இடைவெளியில் தானாகவே இரண்டு மூன்று முறை அளந்து சராசரி சொல்லும் வசதி உண்மையிலேயே பயனுள்ளது. இரண்டு பேருக்குத் தனித்தனி நினைவகம் இருப்பதும் அப்படித்தான். வீட்டில் தாத்தாவும் அதே மெஷினைப் பயன்படுத்தினால் பட்டியல் கலந்துபோகும், அவருடைய கஃப்பே மாட்டியபடி இருக்கும். கஃப் சரியாகச் சுற்றியிருக்கிறது என்று காட்டும் விளக்கு இறுக்கத்தை மட்டும் பார்க்கிறது. தவறான அளவு கஃப்பை இறுக்கமாகச் சுற்றினாலும் ‘சரி’ என்றே எரியும்.

திரையோரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணப் பட்டை காட்டும் மாடல்கள் நிறைய. பிள்ளைக்கு அளக்கும்போது அந்தப் பட்டையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அது பெரியவர்களின் எல்லையை வைத்துச் செய்தது. 8 வயதுப் பிள்ளைக்கு 118/76 வந்தால் பட்டை பச்சையில் நிற்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் எளிய அட்டவணைப்படி, அந்த வயதில் 107/69ஐ எட்டினாலே மேற்கொண்டு கவனிக்க வேண்டும். ஒழுங்கற்ற துடிப்பு என்று காட்டும் குறியும் பிள்ளைகளிடம் சும்மா வரலாம். மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமெடுப்பதும் விடும்போது குறைவதும் அந்த வயதில் இயல்பு. திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மணிக்கட்டு மெஷினும் கடிகாரமும்: வேண்டாம்

தடித்த மேல்கைக்கு கஃப் கிடைக்காதவர்கள் மணிக்கட்டு மெஷினை நாடுவது புரிந்துகொள்ளக்கூடியதுதான். சட்டையைக் கழற்ற வேண்டாம், பெரும்பாலான மணிக்கட்டுகளுக்குப் பொருந்தும். ஆனால் அளக்கும் இடம் இதயத்தின் மட்டத்திலிருந்து ஒவ்வொரு சென்டிமீட்டர் கீழே இறங்கும்போதும் ஏறக்குறைய 0.75 மி.மீ. கூடிக் காட்டும். மணிக்கட்டு மடியில் கிடந்தால் 20 செ.மீ. இறக்கம், அதாவது 15 மி.மீ. பிழை. பிள்ளை நெளிந்தால் மணிக்கட்டும் வளைந்துகொள்ளும். 2017 வழிகாட்டுதல் பிள்ளைகளுக்கு மணிக்கட்டு, முன்கை அளவீடுகளைப் பரிந்துரைக்கவில்லை. கஃப் இல்லாமல் தோலின் மேல் ஒளி பாய்ச்சி அளவு சொல்லும் கடிகாரங்களைக் கொதிப்பு உண்டா என்று பார்ப்பதற்கு இப்போதைக்கு யாரும் நம்ப வேண்டியதில்லை.

டயல் கருவி: தெரிந்தவர் கையில் மட்டும்

பிள்ளைகளின் ரத்த அழுத்த எல்லையைச் சொல்லும் அட்டவணைகள் எல்லாம் ஸ்டெதாஸ்கோப்பால் கேட்டு அளந்த எண்களிலிருந்து உருவானவை. தானியங்கி மெஷின்கள் பொதுவாக அதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும். அதனால் மெஷினில் கூடுதலாக வந்தால், மருத்துவரிடத்தில் காதால் கேட்டு இருமுறை அளந்து உறுதிசெய்வதே முறை. அதற்கு இந்தக் கருவி வேண்டும், வீட்டுக்கு வேண்டாம்.

காற்று ஏற்றாதபோது முள் சுழியத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஒருமுறை கீழே விழுந்தாலே முள் நகர்ந்துவிடலாம், ஆண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்க்கக் கொடுக்க வேண்டும். மணிக்கட்டில் நாடி மறையும் அழுத்தத்துக்கு மேல் 20 முதல் 30 மி.மீ. ஏற்றி, நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. வீதம் இறக்க வேண்டும். தடித்த கையில் ஒலி மெலிதாகக் கேட்பதால் ஸ்டெதாஸ்கோப்பை அழுத்திப் பிடிக்கத் தோன்றும். அழுத்தினால் சுழியம் வரை ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும், கீழ் அளவு தவறிப்போகும். ஸ்டெதாஸ்கோப்பின் தலையை கஃப்புக்குள் செருகிவைப்பதும் தவறு. பாதரசக் கருவி இருந்தால் அதன் துல்லியத்தில் குறையில்லை. பாதரசத்தின் நஞ்சு காரணமாக, அதன் பயன்பாட்டைக் குறைப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையின் கீழ் அது உலகெங்கும் விடைபெற்று வருகிறது.

24 மணி நேர மானிட்டர்: இதற்கு மாற்று இல்லை

பருமனான பிள்ளைகள் விஷயத்தில் இந்தச் சேவையை நாங்கள் மிக உயர்வாக மதிக்கிறோம். மருத்துவரைக் கண்ட பயத்தில் மட்டும் ஏறும் அழுத்தத்தை இது பிரித்துக்காட்டும். மருத்துவரிடம் இயல்பாக இருந்து மற்ற நேரங்களில் ஏறி நிற்கும் மறைந்த கொதிப்பையும் பிடித்துவிடும், அது இந்தப் பிள்ளைகளிடம் அதிகம். தூக்கத்தில் அழுத்தம் பகலைவிடக் குறைந்தது 10 சதவீதம் இறங்க வேண்டும். குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் உள்ள பிள்ளைகளுக்கு அது இறங்காமல் நிற்கலாம். வழக்கமான வீட்டு மெஷின்கள் இதைக் காட்டுவதில்லை.

பிள்ளை அதிகம் பயன்படுத்தாத கையில் கஃப்பைக் கட்டி, சிறிய பெட்டியை இடுப்பில் மாட்டி அனுப்புவார்கள். பகலில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறையும் இரவில் 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும் தானாக இறுகும். அளவு கெட்டுப்போவது பெரும்பாலும் அசைவால்தான். இறுகத் தொடங்கியதும் கையைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்கப் பிள்ளையைப் பழக்குங்கள். அனுப்புவதற்கு முன் அங்கேயே இரண்டு முறை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள், முதல் இறுக்கத்தில் பயப்படும் பிள்ளைகள் உண்டு. தூங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் மாத்திரை, விளையாட்டு நேரங்களையும் எழுதிவைக்க வேண்டும். தூங்கிய நேரம் தெரியாமல் இரவுக் கணக்கைப் போட முடியாது. மணிக்கு ஒன்றாவது, மொத்தம் 40 அளவுகளாவது தேறவில்லை என்றால் மறுபடி மாட்ட வேண்டிவரும். குறைகளும் இருக்கின்றன: தூக்கம் கலையும், கையில் சிவந்த புள்ளிகள் வரலாம், குளிக்க முடியாது. இங்கேயும் கஃப் அளவு தப்பினால் எல்லாம் வீண். மாட்டுபவர் டேப் எடுத்துக் கையை அளக்கிறாரா என்று பாருங்கள். கண் மதிப்பில் கஃப் எடுத்தால் அளக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

13 வயதும் அதற்கு மேலும் என்றால் பகலில் 130/80, தூக்கத்தில் 110/65, முழுநாளில் 125/75 என்பவை எல்லை. அதற்குக் கீழ் வயதுக்கு அட்டவணை பார்க்க வேண்டும்.

வீட்டில் அளக்கும் முறை

பிள்ளை சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கால்மேல் கால் போடாமல் 3 முதல் 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பெரியவர்களின் நாற்காலியில் கால் எட்டாமல் தொங்கினால் ஒரு பலகை போடுங்கள். கையில் போன் கூடாது, விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும் திரை முன்னாலும் அளக்கக் கூடாது. வலது கை, மேசையின் மேல் இதயத்தின் மட்டத்தில். வலது கை ஏனென்றால் அட்டவணைகள் அந்தக் கையை வைத்தே உருவானவை. இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாய் பிறவியிலேயே சுருங்கியிருக்கும் சில பிள்ளைகளுக்கு இடது கை குறைத்துக் காட்டும் என்பதும் ஒரு காரணம்.

காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிட இடைவெளி, 6 அல்லது 7 நாள். எல்லாவற்றையும் எழுதுங்கள், பிடிக்காத எண்ணை விட்டுவிட வேண்டாம். தேதி, நேரத்தோடு கஃப் அளவையும் குறியுங்கள். ஸ்டீராய்டு, மூக்கடைப்பு மருந்து, கவனக்குறைபாட்டுக்கான மாத்திரை எதையாவது பிள்ளை எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் எழுதுங்கள், இவை அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை. வீட்டு அளவை மட்டும் வைத்துக் கொதிப்பு என்று முத்திரை குத்த மாட்டார்கள். ஆனால் அடுத்து என்ன செய்வது என்று மருத்துவர் தீர்மானிக்க இந்தத் தாள் பெரிதும் உதவும். பருமன் உள்ள பிள்ளைக்கு 3 வயதிலிருந்தே, எதற்காக மருத்துவரிடம் போனாலும் ஒவ்வொரு முறையும் பிபி பார்க்க வேண்டும் என்கிறது 2017 வழிகாட்டுதல். அவர்கள் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள்.

13 வயதிலிருந்து எண்கள் பெரியவர்களைப் போலவே: 120/80க்குக் கீழ் இயல்பு, 130/80 முதல் கொதிப்பின் முதல் நிலை, 140/90 முதல் இரண்டாம் நிலை. அதற்குக் கீழ் வயதில் ஆணா பெண்ணா, வயது என்ன, உயரம் என்ன என்பதைப் பொறுத்து எல்லை மாறும். எடை அந்தக் கணக்கில் வராது. 2017 அட்டவணையை உருவாக்கும்போது எடை கூடிய பிள்ளைகளின் அளவுகளை வேண்டுமென்றே விலக்கிவிட்டார்கள். ‘குண்டான பிள்ளைக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்’ என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வளரிளம் பிள்ளைக்கு 180/120க்கு மேல் வந்தாலோ, எந்த வயதிலும் கூடிய அளவோடு கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, குழப்பம் இருந்தாலோ மறுபடி மறுபடி அளந்து நேரம் போக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மெஷினை வாங்கிய வாரத்திலேயே மருத்துவரிடம் எடுத்துப்போய் அவர்கள் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. பேட்டரி தீரும் நிலையில் காற்று மெதுவாக ஏறும், பிழைக் குறி அடிக்கடி வரும். ஒட்டும் பட்டை காற்று ஏறும்போது சரசரவென்று பிரியத் தொடங்கினால் கஃப்பை மாற்ற வேண்டும். குழாயை மெஷினைச் சுற்றி இறுக்கிச் சுருட்டிவைத்தால் இணைப்பில் வெடிப்பு விழுந்து காற்று கசியும். பிள்ளையின் கையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேப்பால் மறுபடி அளந்து, எண்ணையும் தேதியையும் கஃப்பை வைக்கும் உறையின் உள்பக்கத்தில் எழுதிவையுங்கள்.